வரிசைக்கு முன்னால்

மோட்டார் தண்ணி பாய்ந்து மண் இளகிய கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி சொன்ன பேச்சைக் கேட்கும். தலையைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் வேரும் காயுமாக, செம்மண் உதிர உதிரக் கையோடு வந்துவிடும். அன்றைக்கு என்னவோ, அம்சவள்ளி இழுத்த செடியெல்லாம் பாதியில் அறுந்தது. காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. களைக்கொத்தால் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பங்குனி வெயில் முதுகில் கரண்டியைக் காய்ச்சி வைத்ததுபோல் இருந்தது.

"இன்னா அம்சா, செடியப் புடுங்கறியா, கெணறு வெட்டறியா?" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த குப்பம்மாள்.

அம்சவள்ளி களைக்கொத்தை இன்னும் ஆழமாக இறக்கினாள். சற்று முன்னால்தான் குப்பம்மாள் தன் போனை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து அந்த வீடியோவைக் காட்டியிருந்தாள். திண்டிவனத்துக் காலேஜ் மைதானம். சாம்பல் நீலச் சட்டை, தொப்பி, பூட்ஸ் போட்ட பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். வரிசைக்கு முன்னால் தனியாக ஒருத்தி, சட்டைக் கையில் மூன்று பட்டை. அது ரோஜா. அம்சவள்ளியின் மகள். திடீரென்று நின்று திரும்பி, "கோகுல்! கைய மடக்காத! நேரா வீசு!" என்று கத்துகிறாள். அந்தப் பையன் கையை நேராக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான் வீடியோ. மேலே ஊர்ப் பையன் எவனோ, 'எங்க ஊர் சின்ன முதலாளிக்கு டிரில் எடுக்கும் காலனி மேடம்' என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலைந்து ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்திருந்தான்.

கோகுலகிருஷ்ணன் வேறு யாருமில்லை. அவர்கள் இப்போது மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருக்கிற இந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர் விருத்தாசலத்தின் ஒரே மகன்.

"ஊர்ப்பூரா இத்தான் ஓடிகினு இருக்குது. டீக்கடையில ஐயா எதுருலயே நாலு பேரு வெச்சிப் பாத்துகினு சிரிச்சிருக்கானுங்க. அவரு டீயக் குடிக்காமயே எழுந்து வந்துட்டாராம்."

"அது பரேடுக்கா. சார் சொல்லச் சொல்றாரு, அவ சொல்றா. அங்கப் போனா எல்லாம் ஒண்ணுதான்."

"அங்கப் போனா ஒண்ணுதான், யாரு இல்லன்றா? சாயங்காலம் பஸ்ஸ உட்டு எறங்கினா இங்கதான வரணும்?"

குப்பம்மாள் கெட்ட மனசில் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான். அம்சவள்ளிக்கு அது தெரிந்ததால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியவில்லை.

மத்தியானம் குச்சி நட்டுப் பழைய புடவையைக் கட்டிய நிழலில் எல்லாரும் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். தூக்கில் கொண்டுவந்த கேப்பைக் கூழைக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். அம்சவள்ளி பாதிக் கூழோடு தூக்கை மூடி வைத்துவிட்டாள். வீடியோவில் பார்த்த மகளின் முகமே கண்ணில் நின்றது. வீட்டில் ரோஜா சத்தம் போட்டுப் பேசியே அவள் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கினால்கூட, "எம்மா, பாலு" என்று மெதுவாகத்தான் சொல்லும். அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருந்ததா?

ரோஜா காலேஜில் சேர்ந்த வருஷமே ஏர் விங்கில் சேர்ந்துவிட்டாள். என்.சி.சி. என்றால் துப்பாக்கி பிடிப்பார்கள் என்று மட்டும் அம்சவள்ளிக்குத் தெரியும். இது விமானப்படைப் பக்கத்து என்.சி.சி. என்று ரோஜாதான் விளக்கினாள். இலேசான மரத்தில் விமானப் பொம்மை செய்து பறக்கவிட்டாள். ஒரு முகாமில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தில் பின்னால் உட்காரவைத்து மேலே தூக்கிக்கொண்டு போனார்களாம். "மேலருந்து பாத்தா கொல்லை எல்லாம் பாய் விரிச்சாப்புல இருந்துதும்மா. யாருது எதுன்னு ஒண்ணியும் தெரியல" என்று சொன்னாள். இப்போது மூன்று காலேஜ் பிள்ளைகளுக்கும் சேர்த்து விழுப்புரத்தில் விருது விழா. சிறந்த கேடட் விருது ரோஜாவுக்கு. அதோடு அன்றைக்கு அணிவகுப்பை முன்னால் நின்று நடத்திப் போகிறதும் அவள்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் விருத்தாசலம் வந்தார். ஆய்ந்த காயை மரக்காலில் அளந்து, ஆள் ஆளுக்குக் கூலி மல்லாட்டையைப் பிரித்துப் போட்டது முடிந்ததும், "அம்சா, இப்பிடி வா" என்று மோட்டார் கொட்டாய்ப் பக்கம் கூப்பிட்டார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் சங்கடமே. புயலில் ஏரி உடைந்து காலனிக்குள் தண்ணீர் ஏறினபோது, களத்து ஷெட்டைத் திறந்துவிட்டு, உலை வைக்க அரிசியும் கொடுத்தவர். அம்சவள்ளியின் புருஷன் தாண்டவராயன் அவருடைய டிராக்டரைத்தான் ஓட்டுகிறான். இன்றுவரை அவனை ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை.

"உம்பொண்ணு நல்லா வருதும்மா. எனக்கும் சந்தோசந்தான். நான் அந்த மாதிரி ஆளு இல்ல, உனக்கே தெரியும்."

"தெரியுங்க ஐயா."

"மெடலு அதுக்குத்தான்றாங்க. வாங்கிக்கட்டும், நானே வந்து கை தட்டறேன். ஆனா அன்னிக்கு எங்க பங்காளிங்க எல்லாம் வர்றாங்க. ரெண்டு மூணு பேரு அந்த வீடியோவ வெச்சிகினு ஏற்கனவே வாய மென்னுகினு இருக்கானுங்க. முன்னால நின்னு நடத்துறாங்களே, அந்த ஒரு நாளைக்கு மட்டும் அத்த கோகுலு செய்யட்டும். உம்பொண்ணு வரிசையில நிக்கட்டும். மெடலு அதுக்கு, பரேடு இவனுக்கு. ரெண்டு பேருக்கும் ஆச்சுல்ல?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை அசைத்து, கெஞ்சுகிறாரோ என்று தோன்றும்படிதான் கேட்டார். மிரட்டியிருந்தால்கூட அவள் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

"சரிங்க ஐயா" என்றாள் அம்சவள்ளி.

தும்மல் வருவதுபோல வந்துவிட்டது அந்த வார்த்தை. வந்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது. விருத்தாசலம் முகம் தெளிந்து, "நல்ல பொம்பள நீ. நான் வாத்தியார்கிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கூலிக் குவியலில் இரண்டு கை அதிகமாக அள்ளிப் போட்டார். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அந்த இரண்டு கை மல்லாட்டைதான் தலையில் கனத்தது.

தாண்டவராயன் கேட்டதும் பெருமூச்சு விட்டான். "அப்பா! நல்ல வேல பண்ண. காலையிலருந்து அவரு மூஞ்சப் பாக்கவே எனக்கு பேஜாரா இருந்துது. வண்டியில ஏறினா ஏறுன்னு சொல்லல, எறங்கினா எறங்குன்னு சொல்லல. அவரு பேசாம இருந்தாத்தான்மே எனக்கு பயம்."

"பொண்ணுகிட்ட யாரு சொல்றது?"

"நீதான சரின்ன, நீயே சொல்லு."

ரோஜா வரும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. வெயிலில் நின்று நின்று முகம் அடுப்புச் சுவர் மாதிரி கறுத்திருந்தது. பூட்ஸைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. அம்சவள்ளி தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து வைத்தாள். கருவாட்டுக் குழம்பும் வறுத்த மல்லாட்டைத் துவையலும் வைத்துச் சோறு போட்டாள். பிள்ளை பசியோடு அள்ளி அள்ளிச் சாப்பிட்டது. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு பெல்ட்டின் பித்தளையைத் துடைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"இன்னாம்மா, வந்ததுலருந்து என்னையே பாத்துகினு இருக்க?"

"ஐயா ஒண்ணு கேட்டாரு."

சொன்னாள். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்காமல் சாதம் வடித்த பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தாண்டவராயன் வாசலில் உட்கார்ந்து இல்லாத கொசுவை விரட்டிக்கொண்டிருந்தான்.

ரோஜா பித்தளையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

துணி நின்றது.

"ஒரு நாளுதான்டி. மெடலு உனக்குத்தான். அத்த யாரும் புடுங்கிக்கல."

"மெடலு தேர்வு எழுதினதுக்கு, முகாமுக்குப் போனதுக்கு, துப்பாக்கி சுட்டதுக்கு எல்லாம் மார்க்கு போட்டுக் குடுக்கறதும்மா. அது வரலன்னா அடுத்த வருசம் வாங்கலாம். முன்னால நிக்கிறது அப்பிடி இல்ல. எல்லாரையும் ஒருத்தர் மாத்தி ஒருத்தரு நடத்தச் சொல்லிப் பாத்தாரு சாரு. திரும்புன்னு சொல்றதுன்னா, எந்தக் காலு தரையில படறப்போ சொல்லணுமோ அப்பத்தான் சொல்லணும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பாதிப் பேரு ஒரு பக்கம் போவான், பாதிப் பேரு இன்னொரு பக்கம் போவான். கோகுல் சொல்லச்சொல்லோ அவனுக்குக் குரலு நின்னுடுச்சு. ரெண்டு தடவ. மூணாவது தடவ அவனே, 'வேணாம் சார், நான் வரிசையில நிக்கிறேன்'னுட்டான்."

"அந்தப் புள்ள வேணான்னுடுச்சா?"

"அவங்கப்பாவுக்குத்தான் வேணும்."

"அவருதான்டி நமக்கு..." என்று இழுத்தான் வாசலில் இருந்த தாண்டவராயன். "அந்த ஷெட்டு மட்டும் இல்லன்னா அந்தப் புயல்ல..."

"தெரியும்ப்பா. நானும் அந்த ஷெட்டுலதான் படுத்திருந்தேன்."

ரோஜா பெல்ட்டைச் சுருட்டி வைத்தாள். பழைய மெதுவான குரலில்தான் பேசினாள். "நான் சார்கிட்ட போயி எதுவும் சொல்ல மாட்டேன்மா. அவரு மாத்தினா மாறி நிப்பேன், ஏன்னு கேக்க மாட்டேன். அங்க அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா நானா போயி, எனக்கு வேணாம்னு சொல்ல மாட்டேன். நீ சரின்ன. அது உன்னோட சரி."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். பிள்ளை குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டது. அம்சவள்ளிக்குத்தான் ஒரு பக்கமும் படுக்க முடியவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாவது நாள் மத்தியானம், புடவை நிழலில் காய் ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. அந்தப் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசும். விருத்தாசலம் மோட்டார் கொட்டாய் எதிரில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நான் ரோஜா காலேஜ்லேருந்து அரங்கநாதன் பேசறேன். என்.சி.சி. ஆபீசர்."

காய் ஆய்ந்த கைகள் எல்லாம் நின்றன. அம்சவள்ளி எழுந்து நின்றுவிட்டாள், சார் எதிரே வந்து நிற்பதுபோல.

"சொல்லுங்க சார்."

"விருத்தாசலம் பேசினாரும்மா. பரேட கோகுல் நடத்தட்டும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம். ரோஜாகிட்ட கேட்டா, 'நீங்க சொன்னா மாறிக்கிறேன் சார்'ங்கறதுக்கு மேல வாயத் தொறக்கல. நான் மறைக்காம சொல்றேன், அவரு காலேஜுக்கு வேண்டியவரு. நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கும் சுலபம். ஆனா அத உங்க வாயால கேக்கணும்னு நினைச்சேன்."

அம்சவள்ளி கட்டில் பக்கம் பார்த்தாள். விருத்தாசலமும் பார்த்தார். அதிகாரமாக ஒன்றும் பார்க்கவில்லை. முடிந்துபோன காரியத்தைப் பார்ப்பதுபோல நிம்மதியாகப் பார்த்தார். அந்த நிம்மதிதான் அவளைக் குத்தியது. நாம் சரி என்று சொல்வோம் என்று இவருக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது!

"சார்... சொன்னேன் சார். ஐயா கேட்டாரு, சரின்னேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு அப்பிடியே பழகிப்போச்சு சார், கேட்டா சரின்னுடுவோம். ஆனா அது எம்பொருளு இல்ல சார். நீங்க எம்பொண்ணுக்குக் குடுத்தது. அத எடுத்து நான் இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது. நான் சொன்ன சரிய வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

போனில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "யோசிச்சுட்டு சாயங்காலம் சொல்றீங்களாம்மா?" என்றார் சார்.

"யோசிச்சா பயந்துடுவேன் சார். இப்பவே எடுத்துக்குங்க."

"சரிம்மா. ரோஜாவே நடத்தட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விருத்தாசலம் கட்டிலை விட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவளை இத்தனை வருஷமும் அம்சா என்று கூப்பிட்டவர், "அம்சவள்ளி" என்றார். "வேலையப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் நடந்துபோனார்.

அவர் தலை மறைந்ததும் குப்பம்மாள், "இன்னாடி பண்ணிட்ட!" என்றாள். மற்றவர்கள் குனிந்து காய் ஆய்ந்தார்கள். அன்றைக்குக் கூலி அளக்க அவர் வரவில்லை, ஆள் வந்து அளந்தான். மேல்கொல்லை பிடுங்கல் மறுநாள் தொடங்கியது. எல்லாரையும் கூப்பிட்டார்கள். அம்சவள்ளியைக் கூப்பிடவில்லை.

தாண்டவராயன் மூன்று நாளாக அவளோடு பேசவில்லை. பேசினபோது சண்டையாகத்தான் வந்தது.

"யாரக் கேட்டு நீ வாபஸ் வாங்கின?"

"சரின்னு சொல்லச்சொல்லோ மட்டும் யாரக் கேட்டேன்? அப்ப நீ ஒண்ணும் கேக்கலயே?"

"எம்பொழப்பு அந்த வண்டியிலமே! இன்னும் சாவிய வாங்கல. காலையில போறேன், சாவி ஆணியில தொங்குது. எடுக்கறேன். அவரு பாக்கறாரு. எடுக்காதன்னும் சொல்லல, எடுத்துக்கன்னும் சொல்லல. எப்ப கேப்பாரு, எப்ப கேப்பாருன்னு ஏர் ஓட்டிகினு இருக்கேன். நேத்து வரப்பையே ஒடச்சிட்டேன்."

அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. கோகுல் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். மூன்று காலேஜ் பிள்ளைகள் எதிரில், பெரிய பெரிய அதிகாரிகள் எதிரில், அவனும் அவனோடு சேர்ந்த பையன்களும் வராமல் வரிசை பல்லு போன வாய் மாதிரி நின்றால்? நடுவில் எவனாவது வேண்டுமென்றே காலை மாற்றி வைத்தால்? முன்னால் நிற்கிறவளைத்தானே சிரிப்பார்கள்?

"வேற ஆளப் போட்டுக்கக் கூடாதா?" என்று ரோஜாவைக் கேட்டாள்.

"போடலாம்."

"போட்டியா?"

"இல்ல" என்றாள் ரோஜா. பூட்ஸை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தாள்.

விழா நாளன்று ரோஜா விடியற்காலையே காலேஜ் பஸ்ஸில் போய்விட்டாள். தாண்டவராயன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அம்சவள்ளி தனியாகத் திண்டிவனம் வந்து, விழுப்புரம் பஸ் பிடித்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மைதானத்தில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பெற்றோர்களெல்லாம் ஷூ போட்டுக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் கடைசி வரிசையில், கம்பத்தை ஒட்டி உட்கார்ந்தாள். முதல் வேலையாக விருத்தாசலத்தைத் தேடினாள். அவரும் இல்லை, பங்காளிகளும் இல்லை.

வெயிலில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அது கோகுல் நிற்க வேண்டிய இடம் என்று அவளுக்குப் புரிந்தது. ரோஜா வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். இங்கிருந்து பார்க்க ரொம்பச் சின்னதாக இருந்தாள். அரங்கநாதன் சார் அவளிடம் வந்து, அந்தக் காலி இடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். ரோஜா விறைப்பாக நின்று ஏதோ பதில் சொன்னாள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி போய்விட்டார். மேடையில் அதிகாரிகள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

அடைத்துவிடேன்டி, யாரையாவது நிறுத்தி அடைத்துவிடேன் என்று அம்சவள்ளி முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கேட் பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து கோகுல் குதித்து ஓடிவந்தான். சட்டையெல்லாம் புழுதி. தொப்பி கையில் இருந்தது. மைதானத்து ஓரம் வரைக்கும் ஓடிவந்தவன், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். நேரம் தாண்டி வந்தவன் உள்ளே வரக்கூடாது போலிருக்கிறது. அழைத்தால்தான் வரலாம். எல்லார் கண்ணும் அவன்மேல் போயிற்று. பிறகு ரோஜாமேல் வந்தது.

வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால்? ஊரில் அது எப்படிப் போய்ச் சேரும்? அம்சவள்ளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

ரோஜா அவனிடம் நடந்து போனாள். ஓடவில்லை. கையை வீசி, பூட்ஸ் சத்தம் கேட்க நடந்து போய் அவன் எதிரில் நின்றாள். ஏதோ சொன்னாள். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். அவள் இன்னொரு வார்த்தை சொன்னாள். அவன் ஓடிப்போய் மூன்றாவது வரிசையில் அந்தக் காலி இடத்தில் நின்றான். பக்கத்தில் இருந்தவன் பார்க்காததுபோல அவன் முதுகுப் புழுதியைத் தட்டிவிட்டான்.

ரோஜா திரும்பி வந்து நின்றாள். மைதானம் அமைதியானது.

"பரேட்... சாவ்தான்!"

அது எந்த ஊர்ப் பேச்சோ, அம்சவள்ளிக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பூட்ஸும் ஒரே அடியாகத் தரையில் விழுந்தது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக் காலில் தெரிந்தது. பிறகு நடந்தார்கள். திரும்பு என்று ரோஜா குரல் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அம்சவள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் காலில் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. வரிசை ஒரு கதவு திரும்புவதுபோல மொத்தமாகத் திரும்பியது. மறுபடியும் திரும்பியது. கோகுல் கையை மடக்கவில்லை. மேடையைத் தாண்டிப் போய் அவர்கள் நின்ற பிறகுதான் அவள் முழுசாக மூச்சு விட்டாள். விரலெல்லாம் வலித்தது, முந்தானை முறுக்கில் சிக்கிச் சிவந்திருந்தது.

விருது கொடுத்தபோது அவ்வளவு பயம் இல்லை. பேரைக் கூப்பிட்டார்கள், போனாள், வாங்கினாள், சல்யூட் அடித்தாள். அம்சவள்ளியும் கை தட்டினாள். தன் பிள்ளைக்குத் தானே கை தட்டலாமா என்று ஒரு வெட்கம் வந்தது.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ரோஜாவும் கோகுலும் அவளிடம் வந்தார்கள். பையன் முகம் வாடியிருந்தது.

"அவங்கப்பா போவக் கூடாதுன்னுட்டாராம்மா. பைக் சாவியும் எடுத்து வெச்சிகினாராம். கூட்டாளி பூவரசன் வண்டியில வந்திருக்கான்" என்றாள் ரோஜா.

"இப்ப ஊட்டுக்குப் போனா?" என்று கேட்டாள் அம்சவள்ளி பதறிப்போய்.

பையன் மோர் டம்ளரைக் கையில் உருட்டினான். தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கப்பா கோவமாத்தான் இருக்காரு. ஆனா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றான். சின்ன வயதிலிருந்து அம்சவள்ளியை அப்படி ஒருமையில்தான் பேசிப் பழக்கம் அவனுக்கு. அவளுக்கும் கேட்டுப் பழக்கம்.

"உங்களன்னு சொல்லு" என்றாள் ரோஜா. மைதானத்துக் குரல் இல்லை. வீட்டில் பால் பொங்குகிறது என்று சொல்கிற குரல்தான்.

அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ, சும்மா இருடி" என்று மகள் கையைப் பிடித்தாள்.

கோகுல் நிமிர்ந்து ரோஜாவைப் பார்த்தான். அவன் காது சிவந்துபோயிற்று. அப்படியே திரும்பிப் போய்விடுவான் என்றுதான் அம்சவள்ளி நினைத்தாள்.

"உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றான். சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, பைக் இருந்த பக்கம் நடந்துபோனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. விழுப்புரம் தாண்டுவதற்கு முன்பே ரோஜா தூங்கிவிட்டாள். தலை அம்சவள்ளி தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. டோல்கேட் வந்தபோது போன் அடித்தது. தாண்டவராயன். ஸ்பீக்கரில்தான் பேச முடியும் என்பதால் போனை வாயோடு ஒட்டி, கையால் மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?"

"நல்லா முடிஞ்சுது. இன்னாய்யா?"

"சாவியக் குடுத்துட்டேன்."

"கேட்டாரா?"

"கேக்கல. கேக்கறதுக்கு முன்னாலயே நான் கொண்டுபோய் மேசையில வெச்சிட்டேன். 'இன்னாடா தாண்டவராயா'ன்னாரு. 'எப்ப கேப்பீங்களோன்னு பயந்துகினே என்னால ஓட்ட முடியலீங்க'ன்னேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. சரி போன்னுட்டாரு. வேணும்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல." பிறகு மெதுவாகக் கேட்டான், "தப்புப் பண்ணிட்டனா மே?"

"தெரியல" என்றாள் அவள். உண்மையாகவே தெரியவில்லை. "வேற எங்கனா பாக்கலாம். மயிலத்தாண்ட கூட ஆளு கேட்டுகினு இருந்தாங்களே."

"பாக்கணும். சீக்கிரமா வாங்க. சோறு வடிச்சு வெச்சிருக்கேன். கொழம்பு இன்னா வெக்கறதுன்னு தெரியல, ரசம் வெச்சிருக்கேன்."

கண்டக்டர் திண்டிவனம் என்று கத்தியதும் ரோஜா திடுக்கிட்டு விழித்தாள். விழித்த வேகத்தில் முதுகு நேராயிற்று. தொப்பியை எடுத்துத் தலையில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"அப்பா போன் பண்ணாரா?"

"ஆமா."

"இன்னா சொன்னாரு?"

அம்சவள்ளி கொண்டுவந்த கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டே, முன்னால் போகிற மகளின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"சோறு வடிச்சு ரசம் வெச்சிருக்காராம். ஜல்தி எறங்கு."